நீர்விரும்பும் பரப்பில் புரதம் ஒட்டாது என்பது சரியா?

வாசகர் கேள்வி, 3 பிப்ரவரி 2024

கண்ணாடித் தகட்டின் மேல் இயங்கும் ஓர் ஒளியியல் உணரியை உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். மேற்பரப்பை நீர்விரும்பியாக மாற்றிவிட்டால் புரதம் ஒட்டாது என்பதே நான் இதுவரை படித்ததன் சாரம். ஆனால் பாலிஎத்திலீன் கிளைக்கால், அதாவது பெக், பூசிய தகட்டிலும் ஒளிரும் சாயம் ஏற்றிய ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் படிகிறது. சீரம் விட்டுப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். பெக்கைப் பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் மிகையா? நேர், எதிர் மின்சுமைகள் இரண்டும் கொண்ட சுவிட்டர் அயனிப் பாலிமருக்கு மாறிவிடலாமா?

பதில், 3 பிப்ரவரி, இரவு

நீர்விரும்பும் தன்மை தேவைதான். ஆனால் அது மட்டும் போதாது. இதற்குச் சான்று உங்கள் கையிலிருக்கும் கண்ணாடியே. புற ஊதாக் கதிராலும் ஓசோனாலும் தூய்மைப்படுத்திய கண்ணாடியில் நீர் துளியாக நிற்பதே இல்லை. நீரின் விளிம்பு பரப்போடு அமைக்கும் சேர்கோணம் ஏறத்தாழ சுழியாகி, மெல்லிய படலமாகப் பரவிவிடுகிறது. அதைவிட நீர்விரும்பும் பரப்பு ஆய்வகத்தில் கிடைப்பது அரிது. அந்தப் பரப்பில்தான் முட்டை வெள்ளையில் உள்ள லைசோசைம் என்ற புரதம் விடாப்பிடியாக ஒட்டிக்கொள்கிறது. லைசோசைமின் மின்சுமை பி.எச். 11-ஐ ஒட்டித்தான் சமனாகிறது, ஆகவே பி.எச். 7.4-இல் அது நேர்மின்சுமை கொண்டது, கண்ணாடிப் பரப்பின் சிலனால் (சிலிக்கானோடு இணைந்த ஹைட்ராக்சில்) தொகுதிகளோ எதிர்மின்சுமை கொண்டவை.

ஆல்புமினின் கதை வேறு. அதன் மின்சுமை பி.எச். 4.7-ஐ ஒட்டிச் சமனாவதால், நடுநிலைக் கரைசலில் அதுவும் கண்ணாடியைப் போலவே எதிர்மின்சுமை கொண்டிருக்கிறது, ஆனாலும் ஒட்டுகிறது. புரதத்தின் மேல் மின்சுமை சீராகப் பரவியிருப்பதில்லை. ஆங்காங்கே நேர்மின் திட்டுகள் உண்டு. அதோடு பரப்பில் படியும்போது ஆல்புமின் தன் மடிப்புகளைத் தளர்த்திக்கொள்கிறது, பரப்பைச் சுற்றியிருந்த நீரும் எதிரயனிகளும் விடுபடுகின்றன, என்ட்ரோபி கூடுகிறது. நெதர்லாந்தின் வாகெனிங்கனில் வில்லெம் நோர்டேயும் லிக்லெமாவும் லைசோசைம் போன்றவற்றைக் கடினப் புரதங்கள் என்றும் ஆல்புமின் போன்றவற்றை மென்புரதங்கள் என்றும் பிரித்தது இந்த வேறுபாட்டைக் கொண்டுதான்.

ஆகவே பரப்பு நீரை விரும்புகிறதா என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. அது பிடித்து வைத்திருக்கும் நீரை விலக்குவதால் புரதத்துக்கு ஆதாயம் உண்டா, அப்படி விலக்கப் பூச்சில் எங்கேனும் இடம் விட்டிருக்கிறதா என்ற இரண்டையும் கேட்க வேண்டும். உங்கள் தகட்டில் இரண்டாவதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன்.

4 பிப்ரவரி

ஒட்டாத பரப்புக்கு விதிகள் உண்டா என்று கேட்கப்பட்டிருக்கிறது. 1991-இல் ஹார்வர்டில் கெவின் பிரைமும் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸும் தங்கத்தின் மேல் கந்தக முனை கொண்ட தயோல் மூலக்கூறுகள் தாமாகவே அடுக்கிக்கொள்ளும் ஒற்றை அடுக்கை எடுத்துக்கொண்டு, அதன் நுனியில் எத்திலீன் கிளைக்கால் துண்டுகளை வைத்து, புரதம் ஒட்டுவதை ஒழுங்காக அளக்கத் தொடங்கினர். அதுவரை பெக் என்றாலே நீண்ட சங்கிலி என்ற எண்ணம் இருந்தது. மூன்று முதல் ஆறு அலகுகள் மட்டுமே கொண்ட குட்டைத் துண்டுகளும் புரதத்தைத் தடுத்தன என்பது, நீண்ட சங்கிலியின் அசைவை மட்டும் காரணமாகச் சொன்ன விளக்கத்துக்கு எழுந்த முதல் பெரிய கேள்வி.

அதே குழு பலவகை நுனிகளைச் சோதித்து 2001-இல் நான்கு பொதுப் பண்புகளைத் தொகுத்தது: முனைவுத்தன்மை இருக்க வேண்டும், ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்கும் தொகுதிகள் இருக்க வேண்டும், அதை வழங்கும் தொகுதிகள் இருக்கக் கூடாது, மொத்த மின்சுமை சுழியாக வேண்டும். பாடநூல்களில் இவை சட்டம் போலவே எழுதப்படுகின்றன. ஆனால் மன்னிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலை நுனியாகக் கொண்ட அடுக்கு மேனி முழுதும் ஹைட்ராக்சில் தொகுதிகளைச் சுமந்துகொண்டே, அதாவது மூன்றாம் பண்பை அப்பட்டமாக மீறிக்கொண்டே, புரதத்தைத் தடுக்கிறது. எனவே இந்த நான்கையும் புதிய மூலக்கூறு தேடத் தொடங்கும் இடமாக மட்டுமே நான் கொள்கிறேன்.

7 பிப்ரவரி

எந்த மூலக்கூறு எடையுள்ள பெக் நல்லது என்ற கேள்விக்குக் கணக்குப் போட்டே விடை சொல்ல வேண்டும்.

நல்ல கரைப்பானில் ஒரு பெக் சங்கிலி சுருண்டு கிடக்கும் உருவத்தின் அளவை ஃப்ளோரி ஆரம் தருகிறது. ஓர் அலகின் நீளத்தை 0.35 நானோமீட்டர் என்று கொண்டால், 2000 எடையுள்ள, அதாவது சுமார் 45 அலகுகள் கொண்ட சங்கிலிக்கு அது 3.4 நானோமீட்டர், 5000 எடைக்கு 6 நானோமீட்டர். இரண்டு சங்கிலிகளின் வேர்களுக்கு இடையிலான தொலைவு இந்த ஆரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால், ஒவ்வொரு சங்கிலியும் தனித்தனிக் குவியலாகக் கிடக்கும். நடுவில் வெறும் கண்ணாடி தெரியும். தொலைவு குறையக் குறைய, நெருக்கி நட்ட நாற்று பக்கவாட்டில் பரவ இடமின்றி நிமிர்வதைப் போல, சங்கிலிகள் பரப்பிலிருந்து மேல்நோக்கி நீள்கின்றன. அந்த நிலையில்தான் ஜியோன், ஆண்ட்ரேட், டி ஜென் ஆகியோர் 1991-இல் கணக்கிட்டுக் காட்டிய விலக்கு விசை, அதாவது புரதம் நெருங்கும்போது சங்கிலிகள் நசுங்குவதால் எழும் எதிர்ப்பு, முழு வலிமையுடன் செயல்படுகிறது.

இப்போது புரதத்தின் அளவைப் பாருங்கள். ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் ஏறத்தாழ 45 நானோமீட்டர் நீளமுள்ள கம்பி. லைசோசைம் சுமார் 3 முதல் 4.5 நானோமீட்டர் அளவுள்ள உருண்டை. வேர்களுக்கு இடையே 5 நானோமீட்டர் இடைவெளியுள்ள பூச்சு ஃபைப்ரினோஜனைப் பெருமளவு தடுத்துவிடக்கூடும். லைசோசைம் அந்தச் சந்துகளில் நுழைந்து கண்ணாடியை எட்டிவிடும். ஒரே ஒரு பெரிய புரதத்தை வைத்துச் சோதித்துவிட்டுப் பூச்சு நன்று என்று முடிவுகட்டுவது இதனால்தான் ஆபத்து.

உங்களைப் போல ஆயத்தச் சங்கிலியைக் கரைசலிலிருந்து கொண்டுவந்து பரப்பில் ஒட்டவைக்கும் முறையில் ஓர் உள்ளார்ந்த தடை இருக்கிறது: முதலில் அமர்ந்த சங்கிலிகளே அடுத்து வருபவற்றைத் தடுக்கின்றன. புரதத்தைத் தடுக்க நாம் விரும்பும் அதே விசை, இங்கே பெக்கையும் தடுக்கிறது. இதைத் தாண்டக் கிங்ஷாட், திஸ்ஸென், கிரீஸர் ஆகியோர் 2002-இல் விளக்கிய வழி எனக்கு மிகவும் பிடிக்கும். சூடும் உப்பும் கூடினால் பெக் நீரில் கரையும் திறனை இழந்து சுருங்குகிறது. கரைசல் கலங்கத் தொடங்கும் அந்த எல்லையில், பொட்டாசியம் சல்பேட் சேர்த்துச் சூடாக்கிய நிலையில், பிணைப்பு வினையை நடத்தினால், சுருங்கிய சங்கிலிகள் நெருக்கமாக அமர்கின்றன. பிறகு சாதாரண நீரில் விட்டதும் அவை விரிந்து ஒன்றையொன்று நிமிர்த்துகின்றன.

8 பிப்ரவரி

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, நெருக்கம் கூடக் கூட நல்லதுதானே என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம். நீண்ட சங்கிலிகளுக்கு, அதுவும் நாம் கையால் எட்டக்கூடிய நெருக்கத்துக்குள், அது சரி. குட்டைத் துண்டுகளில் ஓர் எல்லை உண்டு. ஹைடல்பெர்கில் மிகேல் குருன்ட்ஸேயின் குழு 1998-இல் ஒரே மூலக்கூறை, மூன்று எத்திலீன் கிளைக்கால் அலகுகளும் மெத்தாக்சி நுனியும் கொண்டதை, தங்கத்திலும் வெள்ளியிலும் அடுக்கிப் பார்த்தது. தங்கத்தில் துண்டுகள் சுருள் வடிவில் அமர்ந்து ஃபைப்ரினோஜனைத் தடுத்தன. வெள்ளியில் அவை நெருங்கி, நேர்க்கோடாக நீண்டு நின்றன. அங்கே ஃபைப்ரினோஜன் ஒட்டியது. மூலக்கூறு அதேதான். நெருக்கம் மிகுந்ததால் நீர் உள்ளே புகுந்து பிணைந்துகொள்ள இடமில்லாமல் போயிற்று. பரப்பு முழுவதும் மூடப்பட வேண்டும். மூடிய அடுக்குக்குள் நீருக்கும் இடம் இருக்க வேண்டும். நான் தொடக்கம் முதல் சொல்லிவருவதன் முழு வடிவம் இதுதான்.

12 பிப்ரவரி

தகட்டின் நுண்ணோக்கிப் படத்தைப் பதிவிட்டதற்கு நன்றி. ஒளிர்வு சீராக இல்லை. இது நல்ல செய்தி. பெக் என்ற பொருளே தோற்றிருந்தால் தகடு முழுவதும் ஒரே மங்கலான ஒளி இருக்கும். உங்கள் படத்திலோ கரிய பின்னணியில் ஊசிமுனை போன்ற புள்ளிகள் தெளித்துக் கிடக்கின்றன. ஓர் ஓரத்தில் பிறை வடிவத்தில் பட்டையாக ஒளிர்கிறது. இவ்விரண்டையும் என் மேசையில் பலமுறை கண்டிருக்கிறேன்.

புள்ளிகள் சிலேனின், அதாவது பெக்கைக் கண்ணாடியோடு பிணைக்கும் சிலிக்கான் சேர்மத்தின், வேலை. கரைப்பானான டொலுயீனில் நீர்த்தடயம் மிகுந்தால், பெக்-சிலேன் மூலக்கூறுகள் கண்ணாடியை அடைவதற்கு முன் தமக்குள் இணைந்து திரண்டு, திரட்சிகளாகப் பரப்பில் விழுகின்றன. திரட்சி விழுந்த இடத்தைச் சுற்றிப் பூச்சு ஒழுங்காக அமைவதில்லை. நீர் அறவே இல்லாவிட்டாலும் வினை நடக்காது என்பதால், இந்த அளவைக் கட்டுக்குள் வைப்பதே சிலேன் வேலையின் பெரும்பகுதி. திறந்து நாளான சிலேன் புட்டியை நான் பயன்படுத்துவதில்லை. சிறு புட்டிகளாக வாங்கி, நைட்ரஜனின் கீழ் திறந்து, மிச்சத்தைக் கழித்துவிடுகிறேன். செலவு கூடும்தான். ஆனாலும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பிறை வடிவப் பட்டைக்கும் பூச்சுக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். தகட்டைப் புரதக் கரைசலிலிருந்து இடுக்கியால் நேராகத் தூக்கி எடுத்தீர்களா? கரைசலின் மேல், காற்றைத் தொடும் பரப்பில், புரதம் தானே ஒரு படலமாகத் திரண்டிருக்கும். தகடு அந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போது படலம் அதன் மேல் ஒட்டிக்கொள்கிறது. கடைசியாக வெளிவந்த ஓரத்தில் அது தடித்துத் தெரிகிறது. தகட்டைத் தூக்காதீர்கள். அது மூழ்கியிருக்கும்போதே பாத்திரத்தில் தாங்கற்கரைசலை ஊற்றி வழியவிட்டு, புரதம் முழுவதும் நீங்கிய பிறகே எடுங்கள். பாய்வுக்கலம் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

12 பிப்ரவரி, சற்றுப் பின்னர்

தூய்மைப்படுத்த பிரானா கரைசல் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு: செறிந்த கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த அது, கரிமக் கரைப்பானைச் சந்தித்தால் வெடிக்கக்கூடியது. பக்கத்திலேயே டொலுயீன் வைத்துக்கொண்டு வேலை செய்யும் மேசையில் அதற்கு இடம் இல்லை. ஆக்சிஜன் பிளாஸ்மாவோ புற ஊதா ஓசோனோ இருக்கும்போது அந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம்.

15 பிப்ரவரி

அளவிடும் முறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் பூச்சுகளைப் பற்றிய பாதிச் சண்டைகள் அளவையிலிருந்தே எழுகின்றன.

ஒளிர்சாயங்கள் பெரும்பாலும் நீரை வெறுக்கும் வளையங்கள் கொண்டவை. ஓர் ஆல்புமினின் மேல் பல சாய மூலக்கூறுகளை ஏற்றினால், ஒட்டுவது ஆல்புமினா சாயமா என்று பிரித்தறிய முடியாது. பிணையாமல் எஞ்சிய தனிச் சாயம் கரைசலில் இருந்தால் இன்னும் குழப்பம். சாயமேற்றாத ஆல்புமினைப் பல மடங்கு கலந்து விட்டுப் பாருங்கள். ஒளிர்வு அந்த விகிதத்தில் குறையாவிட்டால் சாயத்தைச் சந்தேகியுங்கள்.

சாயமில்லாத முறைகளில், தங்கப் பரப்பில் ஒளிவிலகல் மாற்றத்தைக் காணும் பிளாஸ்மான் ஒத்ததிர்வு முறை புரதத்தின் உலர்நிறைக்கு நெருக்கமான எண்ணைத் தருகிறது. பயாகோர் கருவியின் ஓர் அலகு ஏறத்தாழ சதுர சென்டிமீட்டருக்கு 0.1 நானோகிராம். குவார்ட்ஸ் நுண்தராசோ புரதத்தோடு சேர்ந்து அசையும் நீரையும் எடைபோடுகிறது. 5 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் அதிர்வெண்ணில் 1 ஹெர்ட்ஸ் இறக்கம் சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராமைக் குறிக்கும் என்ற சாவர்பிரேயின் 1959 சமன்பாடு, விறைப்பான மெல்லிய படலத்துக்கே பொருந்தும். ஆகவே ஒரு கட்டுரையின் தராசு எண்ணையும் இன்னொன்றின் பிளாஸ்மான் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்தப் பூச்சு அதைவிட மோசம் என்று சொல்வது நியாயமில்லை. அப்படிச் சொல்லும் அட்டவணைகள் ஆய்வு மதிப்புரைகளிலேயே வந்துகொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

24 பிப்ரவரி

சீரத்தில் நிலைமை மோசமாவதற்கு வருவோம். ரத்தப் பிளாஸ்மாவில் (உறைவுப் புரதம் நீங்கிய பிளாஸ்மாவே சீரம்) ஒரு மில்லிலிட்டருக்கு 60 முதல் 80 மில்லிகிராம் புரதம் இருக்கிறது. புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. சோதனையில் வழக்கமாகப் பார்க்கும் எல்லை மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம். நீங்கள் தேடும் மூலக்கூறைவிடத் தேடாத புரதம் ஒன்றரைக் கோடி மடங்குக்கும் மேல் அதிகம். பூச்சில் நூறில் ஒரு பங்கு இடம் திறந்திருந்தாலும், அங்கே முதலில் வந்து அமரப்போவது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

அமர்ந்தவை அப்படியே இருப்பதும் இல்லை. லியோ ஃபுரோமன், நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ரத்தவியலாளர், டச்சு மொழியில் பெரும்புகழ் பெற்ற கவிஞரும்கூட. கண்ணாடி போன்ற பரப்பில் முதலில் படிந்த ஃபைப்ரினோஜன் சில நிமிடங்களில் காணாமற்போவதை அவர் கண்டார். விரைந்து நகரும், செறிவு மிகுந்த புரதங்கள் முதலில் வந்து அமர்கின்றன. பரப்பை இன்னும் இறுகப் பற்றும் புரதங்கள், ஃபைப்ரினோஜனைப் பொறுத்தவரை எடைமிகுந்த கினினோஜன், பின்னர் வந்து அவற்றை இடம்பெயர்க்கின்றன. ஃபுரோமன் விளைவு என்று இன்று வழங்குவது இதுதான்.

பூச்சு எதற்கு, ஆல்புமினைக் கொண்டே இடத்தை அடைத்துவிடலாமே என்று இடையில் ஒருவர் கேட்டதற்கும் விடை இதில் இருக்கிறது. சில மணி நேரம் ஓடும் சோதனைக்கு அது போதும். நோய்க்கூறு ஆய்வகங்கள் நாள்தோறும் அப்படித்தான் செய்கின்றன. நீண்ட நேரம் பிளாஸ்மாவில் கிடக்க வேண்டிய உணரியில், அடைத்த ஆல்புமின் மெல்ல மாற்றப்பட்டு, அடிக்கோடு நகர்ந்துகொண்டே போகும்.

25 பிப்ரவரி

ரத்தக்குழாயில் செருகும் கருவிகளைப் பற்றிக் கேட்டவருக்கு: அங்கே மொத்தப் புரத நிறையைவிட ஃபைப்ரினோஜனே முக்கியம். தட்டணுக்கள் அதைத்தான் பற்றுகின்றன. சதுர சென்டிமீட்டருக்கு 5 முதல் 10 நானோகிராமுக்குக் கீழே அது இறங்கினால்தான் தட்டணு ஒட்டுதல் வெகுவாகக் குறைகிறது. சாதாரணப் பிளாஸ்டிக்கில் அது நூற்றுக்கணக்கான நானோகிராம் படிவதால், தொண்ணூறு விழுக்காடு குறைத்தேன் என்ற பெருமை அங்கே செல்லாது.

2 மார்ச்

சுவிட்டர் அயனிகள். ஒரே அலகில் நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் அருகருகே இருக்க, மொத்தம் சுழியாகும் மூலக்கூறுகள் இவை. பெக் ஹைட்ரஜன் பிணைப்பால் நீரைப் பிடிக்கிறது. இவை மின்சுமையால், இன்னும் இறுக்கமாகப் பிடிக்கின்றன. நம் உயிரணுச் சவ்வின் வெளிப்புறத்தில் இருக்கும் பாஸ்போரில்கோலின் இதற்கு முன்மாதிரி. ஜப்பானில் கசுஹிகோ இஷிஹாராவும் நொபுவோ நகபயாஷியும் 1990 வாக்கில் அந்தத் தொகுதியைச் சுமக்கும் எம்.பி.சி. என்ற அலகைத் தூய்மையாகத் தயாரிக்கும் வழியை உருவாக்கிய பின்னரே, அது தொடுவில்லை முதல் செயற்கை இடுப்பு மூட்டுவரை சென்றது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஷாவோயி ஜியாங்கின் குழு சல்போபீட்டைன், கார்பாக்சிபீட்டைன் சங்கிலிகளைப் பரப்பிலிருந்தே வளர்த்து, கார்பாக்சிபீட்டைனில் ஒட்டும் புரதத்தைக் கலப்பில்லாத பிளாஸ்மாவிலும் சதுர சென்டிமீட்டருக்கு 5 நானோகிராமுக்குக் கீழே கொண்டுவந்தது.

பரப்பிலிருந்தே வளர்த்தது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வினைத் தொடக்கியை முதலில் பரப்பில் நெருக்கமாகப் பதித்து, சிறு அலகுகளை ஒவ்வொன்றாக அங்கே சேர்க்கும்போது, பிப்ரவரி ஏழாம் தேதி சொன்ன தடை எழுவதில்லை; சிறிய அலகு எந்தச் சந்திலும் நுழையும். ஆகவே பெக்கை வென்றது சுவிட்டர் அயனி என்று எழுதப்படும் ஒப்பீடுகளில் பல, கரைசலிலிருந்து ஒட்டிய பெக்கையும் பரப்பிலிருந்து வளர்ந்த சுவிட்டர் அயனியையும் ஒப்பிடுகின்றன. வெற்றியில் மூலக்கூறின் பங்கு எவ்வளவு, நெருக்கத்தின் பங்கு எவ்வளவு என்பது அந்த எண்களிலிருந்து தெரியாது.

உங்களுக்கு கார்பாக்சிபீட்டைனில் தனி ஆதாயம் ஒன்று இருக்கிறது. அதன் கார்பாக்சில் தொகுதியைக் கிளர்வூட்டி, இலக்கு மூலக்கூறைப் பற்றும் எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) பிணைக்கலாம். பிணையாமல் எஞ்சிய இடங்கள் நீராற்பகுப்பில் மீண்டும் பழைய சுவிட்டர் அயனியாகிவிடும். உணரி கட்டுபவருக்குத் தேவை இதுதான்: ஒன்றைப் பிடிக்க வேண்டும், மற்றெல்லாவற்றையும் விட வேண்டும். ஆனால் இந்த வளர்ப்பு முறைக்கு ஆக்சிஜன் பகை. அதை நீக்கும் வசதி இல்லாமல் இறங்க வேண்டாம்.

3 மார்ச்

மாறுவதற்கு முன் எளிதான ஒன்றைச் செய்து பாருங்கள். பாலிலைசின் முதுகெலும்பில் பெக் கிளைகள் பொருத்திய கூட்டுப் பாலிமர், சூரிச்சின் இ.டி.எச். பல்கலைக்கழகத்தில் டெக்ஸ்டர், ஹப்பெல் குழுக்கள் வளர்த்தெடுத்தது, கண்ணாடி போன்ற எதிர்மின் பரப்பில் வெறும் நீர்க்கரைசலிலிருந்தே அரை மணிக்குள் அமர்கிறது. சிலேன் இல்லை, டொலுயீன் இல்லை. முதுகெலும்பு 20,000 எடை, கிளை 2000 எடை, மூன்றரை லைசினுக்கு ஒரு கிளை என்ற அமைப்பு நன்கு சோதிக்கப்பட்டது. கிளை குறைந்தால் மூடாத லைசின் நேர்மின்சுமையோடு புரதத்தை அழைக்கும். கிளை மிகுந்தால் பரப்பைப் பற்ற லைசின் போதாது. மின்சுமையால் மட்டுமே பற்றியிருப்பதால், செறிந்த உப்புக்கரைசலிலும் கடும் அமிலத்திலும் கழன்றுவிடும். எதிர்ப்புரதத்திலிருந்து இலக்கை அமிலத்தால் கழுவி உணரியை மறுபடி பயன்படுத்தும் திட்டம் இருந்தால் இது உதவாது.

10 மார்ச்

கண்ணாடியை நீர்வெறுக்கும் பரப்பாக்கிய பின் நல்ல முடிவு கிடைத்ததாக ஒருவர் எழுதியிருப்பதை நம்ப முடியவில்லை என்று பதில் வந்திருக்கிறது. நம்பலாம். 2014-இல் தனி மூலக்கூறு ஆய்வாளர்கள் கண்ணாடியை டைகுளோரோடைமெத்தில்சிலேனால் நீர்வெறுக்கச் செய்து, அதன் மேல் டுவீன்-20 என்ற சோப்பு போன்ற பொருளை விட்டு, அவர்கள் அதுவரை நம்பியிருந்த பெக் பூச்சைவிடக் குறைந்த ஒட்டுதலைக் காட்டினர். டுவீனின் கொழுப்பு வால் நீர்வெறுக்கும் பரப்பில் தானே படுத்துக்கொள்கிறது, அதன் எத்திலீன் கிளைக்கால் தலைகள் வெளியே நிற்கின்றன. காலி இடம் எங்கிருந்தாலும் கரைசலிலுள்ள அடுத்த டுவீன் அங்கே போய் அமர்ந்துகொள்கிறது. அடியிலுள்ள பரப்பு நீரை வெறுத்தாலும், மேலே மூடியது முழுமையாக இருக்கிறது. டுவீனைக் கழுவி நீக்கினால் காப்பும் போய்விடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

பாலிடோபமைன் அடிப்பூச்சைப் பற்றிக் கேட்டவருக்கு: மட்டியின் ஒட்டுப் புரதத்தைப் பின்பற்றி மெஸ்ஸர்ஸ்மித்தின் குழு 2007-இல் வெளியிட்ட இது, எந்தப் பொருளிலும் படிகிறது, பி.எச். 8.5-இல் டோபமைன் கரைசலில் அமிழ்த்தினால் போதும். எதிலும் ஒட்டும் இந்தப் பூச்சு புரதத்தையும் வலுவாகப் பற்றும். மேலே போடும் பெக் முழுதாக மூடாவிட்டால், பூசாத கண்ணாடியைவிட மோசமான பரப்பே மிஞ்சும். டெஃப்லான் போன்று வேறு எதுவும் பிடிக்காத பொருளுக்கு மட்டும் இதை எடுக்கிறேன்.

17 மார்ச்

பாலிலைசின்-பெக் தகட்டில் சீரம் விட்ட புதிய படத்தைப் பார்த்தேன். புள்ளிகள் போய்விட்டன, பிறையும் இல்லை. எஞ்சிய சீரான மங்கல் ஒளி எவ்வளவு புரதம் என்பதைப் பிளாஸ்மான் கருவியில் அளக்காமல் சொல்ல முடியாது. நண்பரின் ஆய்வகத்தில் கருவி இருக்கிறது என்றால், பூச்சில்லாத தகடு, லைசோசைம், ஃபைப்ரினோஜன், கலப்பில்லாத பிளாஸ்மா ஆகிய நான்கையும் ஒரே நாளில் ஓட்டுங்கள்.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்ற கேள்விக்கு: பெக் ஆக்சிஜனாலும் உலோக அயனித் தடயங்களாலும் மெல்லச் சிதைகிறது, கண்ணுக்கும் சேர்கோணத்துக்கும் தெரியாமலேயே சங்கிலி அறுபடும். நைட்ரஜன் நிரப்பிய உறையில், குளிரில், இருட்டில் வைக்கிறேன். ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு தகட்டை எடுத்து ஃபைப்ரினோஜன் விட்டுப் பார்த்த பிறகே மற்றவற்றைத் தொடுகிறேன்.